ஒரே வட்டு, மூன்று கைகள்

பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் அமெரிக்காவில் ஒன்றரை வருஷம் இருந்துவிட்டுத் திரும்பினான். ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் டீ குடிக்கும்போது பையிலிருந்து ஒரு ஆரஞ்சு வட்டை எடுத்து நீட்டினான். "வெச்சுக்கடா. இங்க இதுக்குக் கூடையும் இல்ல, மைதானமும் இல்ல. நான் என்ன பண்றது?" அது ஃபிரிஸ்பீ இல்லை. அதைவிடச் சின்னது. விட்டம் 21.7 சென்டிமீட்டர், எடை 177 கிராம். விளிம்பு கத்தி மாதிரிக் கூராக இல்லை, சாதா ஃபிரிஸ்பீ மாதிரி மழுங்கலாகவும் இல்லை. மேலே நாலு எண்கள்: 5, 4, -1, 1.

டிஸ்க் கால்ஃப் என்று ஒரு ஆட்டம். பந்துக்குப் பதில் வட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. தூரம் எறிய டிரைவர், கூடைக்குப் பக்கத்தில் பட்டர், நடுத்தூரத்துக்கு மிட்ரேஞ்ச். என் கையில் இருந்தது 'ஸ்டேபிள் மிட்ரேஞ்ச்'. அதாவது நேராகப் போகும் என்று பேர் வாங்கிய வகை. அந்தப் பேரை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே வற்றிக் கிடந்த ஏரிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

கூட வந்தவர்கள் மூன்று பேர். எங்கள் ஆலையில் ஃபிட்டராக இருக்கும் போச்சம்பள்ளிப் பையன், டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் வேகப்பந்து போடுகிறவன். கெலமங்கலம் பக்கத்திலிருந்து ஒப்பந்த வேலைக்கு வரும் ஒரு பெண், இடது கைக்காரி. பள்ளியில் படிக்கும்போது வட்டு எறிதலில் மாவட்டப் போட்டி வரைக்கும் போனவள். மூன்றாவது ஆள் மோல்டிங் பிரிவு அண்ணன். முப்பது வருஷமாக பிளாஸ்டிக் அச்சு மெஷினோடு பேசிக்கொண்டிருப்பவர். அவர் எறிய வரவில்லை, சும்மா காற்று வாங்க வந்தார்.

நான் எறிந்தேன். கொஞ்ச தூரம் போய் அலுத்துப்போன மாதிரி இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது. காலடி வைத்து எண்ணினால் அறுபது அடி வைப்பு. ஃபிட்டர் எறிந்தான். விட்ட வேகத்தில் வலப்பக்கமாகத் திரும்பியது, திரும்பிய வட்டு திரும்பியபடியே போய்க் கருவேலத்துக்குள் புகுந்தது. அந்தப் பெண் எறிந்தாள். மெதுவாகத்தான் விட்டாள். நூல் பிடித்த மாதிரி போய் கடைசியில் மட்டும் வலப்பக்கம் லேசாகக் குனிந்து உட்கார்ந்தது.

"வட்டு கோணலா இருக்குண்ணே" என்றான் ஃபிட்டர்.

அண்ணன் வாங்கிப் பார்த்தார். கண்ணுக்கு நேராகப் பிடித்து விளிம்பைச் சுற்றினார். கட்டைவிரல் நகத்தால் விளிம்பில் ஓடும் மெல்லிய கோட்டைத் தடவினார். "பார்ட்டிங் லைன் சுத்தமா இருக்கு. ஃப்ளாஷ் இல்ல. வார்ப்பேஜ் இல்ல. வட்டுல ஒரு குறையும் இல்ல கண்ணு. கையப் பாரு."

அன்று ராத்திரி படிக்க ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் படிப்பின் ஒரு பகுதி.

முதலில் அந்த மூன்று எறிகளுக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் இயற்பியல், பொறுத்துக்கொள்ளுங்கள். சுழலும் வட்டு ஒரு பம்பரம். பம்பரத்தை ஒரு பக்கம் தள்ளினால் அது அந்தப் பக்கம் சாயாது, கால் சுற்று தள்ளித்தான் சாயும். வட்டைக் காற்று தாங்குகிற புள்ளியும் வட்டின் எடை மையமும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. வேகமாகப் போகும்போது தாங்கும் புள்ளி மையத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் மூக்கைக் கீழே அமுக்கப் பார்க்கிறது. வட்டு சுழல்வதால் அந்த அமுக்கம் பக்கவாட்டுச் சாய்வாக மாறிவிடுகிறது. வலது கைக்காரன் மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எறிந்தால் வட்டு மேலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில் சுழலும், அப்போது சாய்வு வலப்பக்கம். வேகம் குறையக் குறைய வட்டு காற்றில் மூக்கைத் தூக்குகிறது, தாங்கும் புள்ளி முன்னால் நகர்கிறது, சாய்வு இடப்பக்கமாக மாறுகிறது. இடது கைக்காரிக்கு எல்லாமே கண்ணாடிப் பிம்பம். வட்டின் மேல் இருந்த கடைசி இரண்டு எண்கள் இதைத்தான் சொல்கின்றன: வேகத்தில் இருக்கும்போது எவ்வளவு திரும்பும், ஓய்ந்தபின் எவ்வளவு சாயும். முதல் எண் அந்த வட்டுக்கு வேண்டிய வேகம். இரண்டாவது எண், காற்றில் எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது.

ஆனால் இந்த எண்களுக்குப் பின்னால் சொல்லப்படாத ஒரு ஆள் நிற்கிறான். சரியான வேகத்தில், சரியான சுழற்சியோடு, தட்டையாக விடுகிற ஆள். நான் அந்த ஆளைவிட மெதுவானவன். என் வட்டு எறிந்த உடனேயே ஓய்வு நிலைக்குப் போய்விட்டது, எனக்குக் கிடைத்தது கடைசி எண் மட்டும்தான். ஃபிட்டர் அந்த ஆளைவிட வேகம், போதாக்குறைக்கு விடும்போது மணிக்கட்டை வேறு உருட்டிவிட்டான். அவனுக்கு மூன்றாவது எண் பெருக்கிக் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு வேகம் குறைவு. ஆனால் வட்டு எறிதல் கற்றவளுக்கு விரலிலிருந்து வட்டு கழலும் கணம் தெரியும். தடுமாற்றமே இல்லாமல் சுழற்றி விட்டாள். 'ஸ்டேபிள்' என்றால் நேராகப் போவது என்று நான் நினைத்தது தப்பு. கை கொடுக்கிற தொந்தரவை வட்டு எவ்வளவு தாங்கிக்கொள்ளும் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள்.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததில்லை. 1937ல் ஃப்ரெட் மோரிசன் என்ற அமெரிக்கப் பையன் ஒரு பாப்கார்ன் டின் மூடியைத் தூக்கி எறிந்து விளையாடினான். மூடி நசுங்கிப்போனதும் கேக் தட்டுக்கு மாறினான். மறு வருஷம் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா கடற்கரையில் அவனும் காதலி லூசிலும் தட்டு எறிந்து பிடித்துக்கொண்டிருக்க, பார்த்த ஒருவர் அதை 25 சென்டுக்குக் கேட்டார். கடையில் அதன் விலை 5 சென்டு. வியாபாரம் அங்கே ஆரம்பித்தது. இடையில் உலகப் போர் வந்தது. மோரிசன் பி-47 விமானம் ஓட்டி, சுட்டு வீழ்த்தப்பட்டு, ஜெர்மன் சிறையில் இருந்துவிட்டு வந்தார். இறக்கை எப்படித் தாங்குகிறது என்று உயிரைப் பணயம் வைத்துக் கற்றவர் அவர். 1948ல் பிளாஸ்டிக்கில் முதல் வட்டு. 1955ல் 'புளூட்டோ பிளாட்டர்'. 1957 ஜனவரியில் வாம்-ஓ கம்பெனி அதை வாங்கியது. ஃபிரிஸ்பீ என்ற பேர் கனெக்டிகட்டில் இருந்த ஒரு பை கம்பெனியின் பேரிலிருந்து வந்தது. அங்கே மாணவர்கள் காலி பைத் தட்டுகளை எறிந்து விளையாடுவார்களாம்.

அடுத்தவர் எட் ஹெட்ரிக். வாம்-ஓவில் 1964ல் சேர்ந்தவர். வட்டின் மேல்பக்கத்தில் வட்ட வட்டமாக மெல்லிய வரிகளைச் சேர்த்தார், அதற்கு 1967ல் காப்புரிமை கிடைத்தது. அந்த வரிகள் வந்தபிறகுதான் ஃபிரிஸ்பீ பொம்மையிலிருந்து விளையாட்டுக் கருவியானது. 1975ல் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர டிஸ்க் கால்ஃப் மைதானத்தை அமைத்தார், அடுத்த வருஷம் ஆட்டக்காரர்களுக்குச் சங்கம், பிறகு சங்கிலிக் கூடை. 2002ல் இறந்தபோது அவர் விருப்பப்படி சாம்பலை பிளாஸ்டிக்கில் கலந்து வட்டுகளாக வார்த்தார்கள். நம்மூரில் காவிரியில் கரைப்போம், அவர் பறந்துகொண்டிருக்கிறார்.

உண்மையான திருப்பம் 1983. டேவ் டனிபேஸ் என்பவர் விளிம்பை மழுங்கலாக விடாமல் சரிவாகச் சீவினார். 'ஈகிள்' என்ற அந்த வட்டு இன்னோவா கம்பெனியின் தொடக்கம். கனத்தை விளிம்புக்குத் தள்ளி, முனையைக் கூராக்கியதில் வட்டு காற்றைக் கிழித்தது. மிட்ரேஞ்ச் என்ற வகை நிலைபெற்றது 1987ல் வந்த 'ராக்' வட்டோடுதான் என்று தோன்றுகிறது. 2003ல் டிஸ்கிராஃப்ட் கம்பெனி 'பஸ்' என்ற வட்டைக் கொண்டுவந்தது. ஸ்டேபிள் மிட்ரேஞ்ச் என்றதும் பலர் முதலில் சொல்லும் பெயர் அது. ராக் ஓய்ந்தபின் உறுதியாக இடப்பக்கம் சாயும், பஸ் ஏறத்தாழ நேராக இறங்கும். ரெண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் புதுசா வந்தவனுக்கு வித்தியாசமே தெரியாது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதை எனக்கு விளக்கியது மோல்டிங் அண்ணன்தான். அவர் டிஸ்க் கால்ஃப் பார்த்ததே இல்லை. "மோல்டு ரெண்டு பாதி. ரெண்டும் சேர்ற எடம் பார்ட்டிங் லைன். வட்டோட மூக்கு அதுதான். மூக்கு மேல ஏறுனா ஒரு மாதிரி, கீழ எறங்குனா ஒரு மாதிரி. கூலிங் டைம் ரெண்டு நொடி மாத்தினாலே ஷ்ரிங்கேஜ் மாறும், மேல்பக்கம் உப்பும், இல்ல தட்டையாவும். ஒரே மோல்டு, ஒரே பொருளு, காலைல ஓட்டுனதும் சாயங்காலம் ஓட்டுனதும் ஒண்ணாவே பறக்காது, எழுதி வெச்சுக்கோ." டிஸ்க் கால்ஃப் ஆட்டக்காரர்கள் இதே விஷயத்தை அளவுகோல் வைத்து அளக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். அந்தக் கோடு கொஞ்சம் உயர்ந்தால் வட்டு பிடிவாதம் பிடிக்கும், தாழ்ந்தால் இளகிவிடும். மரத்தில் மோதி மோதி முனை மழுங்கிய பழைய வட்டு அதனால்தான் புதுசைவிட எளிதாக வலப்பக்கம் திரும்புகிறது.

அண்ணனுக்கு இது தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து ஓசூர் அச்சு வார்த்தே பிழைக்கிற ஊர். 1980ல் டிவிஎஸ் 50 இங்கிருந்துதான் வெளியே வந்தது, சில வருஷத்தில் டைட்டன் கடிகாரம். பெரிய ஆலை ஒன்று வந்தால் அதைச் சுற்றி நூறு சின்னப் பட்டறை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும் அந்தப் பட்டறைகளில் பார்ட்டிங் லைன், ஃப்ளாஷ், ஷ்ரிங்கேஜ் என்பவை மட்டும் எல்லாருக்கும் பொதுமொழி.

இந்த ஊர்மண்ணுக்கும் பறக்கும் பொருள்களின் நிலைப்புக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு. ஜூஜூவாடி தாண்டினால் இன்று கர்நாடகம். அன்று எல்லாமே மைசூர். கிருஷ்ணகிரியைச் சேர்த்துக்கொண்ட பாரமகால் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் கம்பெனி கைக்குப் போனது, ஓசூர்ப் பகுதி 1799ல் திப்பு விழுந்த பிறகு. அதற்கு முன் 1791 நவம்பரில் மாக்ஸ்வெல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிருஷ்ணகிரிப் பேட்டையைப் பிடித்தான், மலைக்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. மேலே இருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். பாறைக்கு ஸ்டேபிளாவது ஒன்றாவது.

மைசூர்ப் படையின் பேர்போன ஆயுதம் ராக்கெட். இரும்புக் குழலில் மருந்து கெட்டித்து, நீண்ட மூங்கிலோடு சேர்த்துக் கட்டி விடுவார்கள். இரும்பு என்பதால் உள்ளே அழுத்தம் தாங்கும், ஐரோப்பியரின் அட்டைக்குழாய் வாணத்தைவிடத் தூரம் போகும். மூங்கில் எதற்கு? குறி தப்பாமல் வைத்திருக்க. பட்டத்துக்கு வால் மாதிரி. வால் இருந்தும் இந்த ராக்கெட்டுகள் நினைத்த இடத்தில் மட்டும் விழவில்லை, காற்றடித்தால் திரும்பும், தரையில் பட்டால் துள்ளும். 1799க்குப் பிறகு பிடிபட்டவை இங்கிலாந்துக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் அவற்றைப் பார்த்துத் தன் ராக்கெட்டைச் செய்தார், குச்சியையும் சேர்த்துத்தான். 1844ல் வில்லியம் ஹேல் குச்சியைத் தூக்கி எறிந்தார். வெளியேறும் புகையையே சரிவாக விட்டு ராக்கெட்டைச் சுழல வைத்தார். மூங்கில் செய்த வேலையைச் சுழற்சி செய்தது. ஃபிரிஸ்பீயும் பம்பரமும் நம்புகிற அதே சுழற்சி.

அப்படியென்றால் சுழற்றி எறிவது நமக்குத் தெரியாதா? திருமாலின் கையில் இருப்பது திகிரி. ஆழி, நேமி என்று அதற்கு எத்தனை பேர் தமிழில். சீக்கிய அகாலிகள் எஃகுச் சக்கரத்தைத் தலைப்பாகையில் அடுக்கி வைத்திருந்து போரில் எறிந்திருக்கிறார்கள். நடுவில் ஓட்டையுள்ள வளையம் என்பது விஷயம் தெரிந்தவன் செய்த வடிவம். முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியே காற்றைப் பிடிப்பதால் தாங்கும் புள்ளி மையத்தை விட்டு அதிகம் விலகாது. 1980களில் ஆலன் ஆட்லர் 'ஏரோபீ' வளையத்தைச் செய்தபோது பிடித்துக்கொண்டது இதே வடிவத்தைத்தான்.

தமிழ்நாட்டில் இதற்கு மிகக் கிட்டத்தில் வருவது வளரி. பிறை மாதிரி வளைந்த எறிதடி, ஒரு முனை கனம், மறுமுனை பிடி. சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளின் ஆயுதம். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி 1830ல் லண்டனில் வெளியிட்ட ராணுவ நினைவுகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குச் சொல்லிக்கொடுத்தது சின்ன மருது என்று எழுதியிருக்கிறார். தேர்ந்த கையில் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்பது அவர் சாட்சியம். அதே வெல்ஷ் 1801ல் மருது சகோதரர்களுக்கு எதிரான படையெடுப்பில் இருந்தார். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருதிருவரைத் தூக்கிலிட்டார்கள். டிசம்பரில் கவர்னர் எட்வர்டு கிளைவ் பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று அறிவித்தார்.

எனக்கு இந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது. காரணம் வீரம் இல்லை. வெல்ஷ் எறியக் கற்றார், எப்படி எறிவது என்று எழுதவில்லை. எந்த விரல் கடைசியில் கழலும், எந்தச் சாய்வில் விட வேண்டும், எதிர்காற்றில் என்ன மாற்ற வேண்டும், ஒன்றும் இல்லை. நூறு வருஷம் கழித்து 1909ல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தன் தொகுதிகளில் வளரியைச் சொல்கிறார். தஞ்சாவூர் ஆயுதச் சாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த யானைத் தந்த வளரிகள் வரைக்கும் சொல்கிறார். பொருள் பத்திரமாக இருக்கிறது. அளவு எடுக்கலாம், எடை போடலாம். என் ஆரஞ்சு வட்டு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று கைகளில் மூன்று பொருளாக இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வளரி எந்தக் கையின் வளரி?

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர். சென்னையைவிட இங்கே காற்றின் அடர்த்தி எட்டு ஒன்பது சதவீதம் குறைவு. சென்னைக் கடற்கரை மணலில் அல்டிமேட் ஆடும் பிள்ளைகளின் 175 கிராம் வட்டை இங்கே கொண்டுவந்தால் மிதப்பு கொஞ்சம் குறையும், சீக்கிரம் சாயும். என் மிட்ரேஞ்சைச் சென்னைக்குக் கொண்டுபோனால் இன்னும் இளகும், எதிர்க்காற்று இருந்தால் கேட்கவே வேண்டாம். கை மட்டும் இல்லை, ஊரும் சேர்ந்துதான் எறிகிறது.

இதை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அண்ணனுக்கு ஓய்வு நாள் குறித்தார்கள். அவர் ஓட்டும் பழைய மெஷினின் செட்டிங் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதினார். உருக்கும் சூடு, அழுத்தம், பிடிக்கும் நேரம், ஆறவிடும் நேரம், நாலு எண்கள் இல்லை, பதினெட்டு எண்கள். புதுப் பையன் தாளைப் பார்த்து அப்படியே வைத்தான். முதல் முப்பது பீஸும் முனை நிரம்பாமல் வந்தது. அண்ணன் போய் மெஷின் பக்கத்தில் காது வைத்து நின்றார். ஒரு திருகு. சரியாகிவிட்டது. என்ன பண்ணீங்க என்று பையன் கேட்டான். "மழ பேஞ்சிருக்கு இல்ல" என்றார். அது தாளில் இல்லை. மேலதிகாரிகள் தாளைக் கோப்பில் வைத்துவிட்டார்கள்.

போன வாரம் மறுபடி ஏரிக்குப் போனோம். வட்டின் முனை இப்போது கல்லில் பட்டுப் பட்டுச் சிராய்ந்திருக்கிறது. என் கைக்கு முன்னைவிட நேராகப் போகிறது. ஃபிட்டர் பாடு திண்டாட்டம், எவ்வளவு அடக்கி விட்டாலும் வலப்பக்கம். அந்தப் பெண் இந்தத் தடவை வரவில்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டது. கூத்தனப்பள்ளிப் பக்கம் வேறு வேலைக்குப் போவதாகக் கேள்வி. அவள் விரல் எப்படிக் கழலும் என்று ஒரு தடவை நிறுத்திக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இத்தனை நாள் எறியாமல் உட்கார்ந்திருந்த அண்ணன் அன்றைக்கு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். வட்டை வாங்கி எடை பார்த்தார். விளிம்புக் கோட்டை மறுபடி நகத்தால் தடவினார். எறிந்தார். பத்தடி போய் செங்குத்தாக நின்று, உருண்டு, சேற்றில் படுத்தது. ஃபிட்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடினான் எடுத்து வர.

"இன்னொருக்கா குடு" என்றார் அண்ணன்.